சீதனத்தில் சேராத தொப்பி

சின்னத்தங்கத்தைக் கலியாணம் முடித்தபோது எனக்கு வீடு வந்தது, வளவு வந்தது, வட்டையில் தண்ணீர் நன்றாகப் பாயும் வயல் வந்தது, பால் கறக்கிற எருமை ஒன்றும் வந்தது. தொப்பி மட்டும் வரவில்லை. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆண்பிள்ளை பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். அப்படித்தான் அவளுடைய அண்ணன், என் மச்சான் நல்லரத்தினம், தான் பிறந்த வீட்டை எனக்கு விட்டுவிட்டு ஒரு தகரப் பெட்டியோடு வெளியேறினான். பெட்டிக்குள் அந்தத் தொப்பி இருந்தது.

வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்குப் போடுகிற பெரிய தொப்பி. கவிழ்த்து வைத்தால் ஒரு கோழி குஞ்சுகளோடு குடியிருக்கலாம். நிமிர்த்தி வைத்தால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு நேரம் சோறு ஆக்கலாம். நான் மட்டக்களப்பு பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓடாத பஸ்ஸை ஓடியதாக ஒரு நாளும் எழுதியதில்லை. ஆகவே தொப்பியின் அளவு விசயத்தில் என்னை நம்பலாம்.

அந்தத் தொப்பியின் கதை இதுதான். நூறு வருசம் இருக்கும். லுண்ட்பி என்றொரு துரை, பேசாத படம் எடுத்தே உலகத்தையெல்லாம் பேசவைத்தவர், பனி கொட்டுகிற தேசத்திலிருந்து யானை பிடித்துப் படம் எடுக்க வந்தார். யானை அவருக்கு முகம் கொடுக்கவில்லை. அலைந்து அலைந்து வாவியைத் தாண்டி, படுவான்கரையில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். வந்த நேரம் கண்ணகை அம்மன் கோயிலடியில் கொம்புமுறி.

கொம்புமுறியைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஊர் இரண்டு சேரியாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகை பக்கம். காட்டுமரத்தில் வளைந்து வைரம் பாய்ந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். வென்றவர்கள் தோற்றவர்களை முகத்துக்கு நேரே வசை பாடுவார்கள். அன்றைக்குப் பாடுவதற்கு யாரும் கோபிக்கக் கூடாது, அம்மனுக்காகப் பாடுவது. ஒவ்வொரு சேரிக்கும் கொம்பு கட்டுகிறவர் ஒருவர் உண்டு. இழுக்கும்போது கொம்பு புரண்டுவிடாமல் பக்கத்திலேயே நின்று கையால் பிடித்துப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். அது தகப்பன் வழியில் வருகிற உரிமை.

அந்த வருசம் தென்சேரிக்குக் கொம்பு கட்டியவர் கதிராமன், நல்லரத்தினத்தின் பெத்தப்பா. அதாவது அப்பாவின் அப்பா. இழுவை உச்சத்தில் நிற்கும்போது கதிராமன் கொம்பை விட்டு விலகினாராம். தென்சேரிக் கொம்பு முறிந்ததாம். அன்று பின்னேரமே துரையின் தொப்பி அவர் தலையில் இருந்ததாம். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊர் கணக்குப் பார்த்தது: துரைக்குப் படம் வேண்டும், படத்துக்குக் கொம்பு முறிய வேண்டும், கதிராமன் தொப்பிக்காகச் சேரியைக் காட்டிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தின் கை கொம்பில் படவில்லை.

நான் வடசேரி. என் வேலை என்ன? வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் மச்சானிடம், "தலைக்கு வெயில் படுது மச்சான், தொப்பி இல்லையா?" என்று கேட்பது. ஐம்பது வருசமாகக் கேட்கிறேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். சின்னத்தங்கம்தான் அன்றைக்குக் குழம்பில் எனக்கு மீன் தலையை மட்டும் போடுவாள்.

யுத்தம் நடந்த பிரச்சினைக் காலத்தில் கொம்புமுறி நின்றுபோனது. இந்த வைகாசியில் திரும்ப நடத்துவதென்று கோயிலில் முடிவாயிற்று. தென்சேரிக்கு யார் கொம்பு கட்டுவது என்ற கேள்வி வந்ததும் நல்லரத்தினம் எழும்பினான். கூட்டத்தில் வாய் திறக்காத மனிதன்.

"நான் கட்டுறன்," என்றான். "எங்கட வீட்டு உரிமை. ஒரு தரம் கட்டினாக் காணும். மறுகா முழங்கால் விடாது."

தென்சேரித் தலைவர் உதயரூபன், இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஒருவருக்குக் கெட்ட செய்தி இருக்கிறது என்று அர்த்தம்.

"நல்லரத்தினம், உன்னில எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா காட்டிக் குடுத்த கை கட்டின கொம்ப நம்மட ஆக்கள் இழுக்க மாட்டானுகள். அதுக்கு நான் என்ன செய்ய?"

நல்லரத்தினம் உட்கார்ந்துவிட்டான். நான் அன்று தொப்பியைப் பற்றிக் கேட்கவில்லை. அவன் பின்னேரங்களில் வளவுக்குள் தென்னைமரத்தில் வடம் சுற்றி முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அந்தத் தென்னைக்கு மூச்சு முட்டி, இந்த வருசம் குரும்பட்டியே பிடிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் விதுர்ஷா வந்தாள். நாவற்குடாப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாள். லுண்ட்பி துரையின் தேசத்துப் படக் காப்பகத்தில் "ஆபிரிக்கா" என்று தவறாக ஒட்டி வைத்திருந்த ஒரு தகர டப்பாவைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே வாவி, தோணி, கொம்பு. துரை எடுத்த படம் அல்ல. துரை படம் எடுப்பதை அவருடைய உதவியாள் இன்னொரு சின்னக் கமெராவால் எடுத்தது. இது எந்த இடம், இவர்கள் யார் என்று கண்டுபிடித்துத் தரச் சொல்லி அவளுக்குப் பிரதி அனுப்பியிருந்தார்கள். அவள் என் வீட்டு விறாந்தையில் இருந்து விபரம் சொல்லும்போது நல்லரத்தினமும் பக்கத்தில் இருந்தான்.

"கொம்பு முறியுறதும் அதில இரிக்கா மனே?" என்று அவன் கேட்டான்.

"ஓம் ஐயா. ஆர் ஆரெண்டுதான் எனக்கு விளங்கல்ல. ஒரு தொப்பியும் வருது."

சின்னத்தங்கம் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். விதுர்ஷா போனபிறகு அவள் தமையனிடம், "பாக்க வேணாம் அண்ணன்," என்றாள். "பாக்காம இரிந்தா, ஒருவேள அப்பிடி நடக்காம இரிந்திருக்கும் எண்டு ஒரு நினைப்பாவது மிஞ்சும். பாத்திட்டா அதுவும் இல்ல."

"ஊர் பாக்கும் தங்கச்சி. நான் மட்டும் கண்ண மூடிக்கொண்டு இரிக்கவா?"

படம் காட்ட மீனவர் சங்கக் கட்டடம் ஒழுங்காயிற்று. பட்டப்பகல். ஜன்னல்களுக்குத் தார்ப்பாயும் பழைய சேலைகளும் கட்டி இருட்டாக்கினோம். காத்தான்குடியிலிருந்து மர்சூக் படம் காட்டும் மெசினோடு வந்தான். கலியாண வீடுகளுக்கு ஒளியும் ஒலியும் கொடுக்கிறவன். லொறியிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்க இறக்க அது முடியவே இல்லை. கட்டடத்தின் பாதியை ஸ்பீக்கர்களே பிடித்துக்கொண்டன.

"மர்சூக், இது சத்தமில்லாத படம்," என்றேன்.

"கொஞ்சம் கூடவா இல்ல?"

"கொஞ்சம் கூட இல்ல."

"அப்ப இத வாசலிலயே சொல்லியிருக்கலாமே அண்ணன்," என்றவன், இறக்கியதைத் திரும்ப ஏற்ற மனமில்லாமல் ஒரு பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்தான்.

சனம் என்றால் சனம். வாவிக்கு அந்தப் பக்கம் ஆளில்லாமல் கல்லடிப் பாலம் ஒரு அங்குலம் உயர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வடசேரி ஒரு பக்கம், தென்சேரி ஒரு பக்கம். நல்லரத்தினம் முன்வரிசையில் வெள்ளை வேட்டி சால்வையோடு, தீர்ப்புக் கேட்க வந்தவன் மாதிரி இருந்தான். தகரப் பெட்டி மடியில்.

படம் ஓடத் தொடங்கியது. வாவி வந்தது. தோணி வந்தது. கரையில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. அது தங்கள் நாயின் வம்சம் என்று இரண்டு வீட்டார் உரிமை கோரினார்கள். கோயிலடி வந்தது. மேலுடம்பில் துணியில்லாமல், குடுமி முடிந்த ஆம்பிளைகள் நூற்றுக்கணக்கில். கறுப்பு வெள்ளையில் எல்லாரும் அண்ணன் தம்பிகளாகத் தெரிந்தார்கள்.

அப்போது தொப்பி வந்தது.

வெறும் மேல், மடித்துக் கட்டிய வேட்டி, வெயிலில் கறுத்த உடம்பு. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு கையை இடுப்பில் ஊன்றி மறு கையால் சனத்தை அங்கே போ, இங்கே வா என்று அதட்டிக்கொண்டிருந்தார். தலையில் அந்தத் தொப்பி. அதே தொப்பி.

நல்லரத்தினம் எழுந்து நின்றான். இரண்டு கையையும் கூப்பினான்.

"பெத்தப்பா," என்றான்.

சின்னத்தங்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பின்னாலிருந்த கிழவர்கள், அந்தத் தோள் நல்லரத்தினத்தின் தோள்தான், அந்த முதுகு அவன் அப்பாவின் முதுகேதான் என்று உறுதி சொன்னார்கள். இடுப்பில் கை வைத்த விதத்தைப் பார்த்து, "மச்சான், அச்சு நீதான்," என்று நானும் சாட்சி சொன்னேன்.

படத்தில் அவர் மெல்லத் திரும்பினார். வாயில் புகைகிற சுங்கான். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். புருவத்துக்கு மேலே வெயில் படாத தலை, ஒரு மயிர் இல்லாமல், அவித்துத் தோல் உரித்த முட்டை மாதிரிப் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

ஸ்பீக்கர் பெட்டியின் மேலிருந்து மர்சூக்தான் மரியாதையாகக் கேட்டான்.

"நல்லரத்தினம் அண்ணன், உங்கட பெத்தப்பா வெள்ளைக்காரனா?"

அதன்பிறகு எழும்பிய சிரிப்பில் தார்ப்பாய்கள் ஊதி விரிந்து பகல் வெளிச்சம் உள்ளே வந்தது. நல்லரத்தினம் கூப்பிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். பாவம், அவனும் என்ன செய்வான்? பெத்தப்பாவின் முகத்தை அவன் கண்டதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யாருக்குப் படம்? பெத்தப்பா என்றால் அவனுக்குத் தொப்பிதான். பிறந்ததிலிருந்து ஊர் சொல்லிக் கொடுத்ததும் அதைத்தான்.

"இரிங்க அண்ணன்," என்றாள் சின்னத்தங்கம். அவன் இருந்தான். இப்போது அவன் முகத்தில் வேறு பயம். கோயிலடிக்கென்று வேட்டி கட்டி நின்ற துரையின் தலையில்தான் தொப்பி இருக்கிறது. அது கைமாறப் போகிற இடம் இனித்தான் வரும்.

கொம்பைக் கொளுவினார்கள். வடம் நீண்டது. கொம்புக்குப் பக்கத்தில் மெலிந்த ஒரு மனிதன் முடிச்சை இழுத்துப் பார்த்தான். திருப்தியானதும் ஒரு காலைத் தூக்கி மற்ற முழங்காலில் ஊன்றி, கொக்கு மாதிரி நின்றான்.

இதை முதலில் கண்டவன் நான். பஸ் தரிப்பில், கோயிலில், செத்த வீட்டில், எங்கே காத்து நின்றாலும் நல்லரத்தினம் அப்படித்தான் நிற்பான். வயசு போனதிலிருந்து ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான். நான் வடசேரிக்காரன், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஐம்பது வருசமாக அவனைக் கேலி செய்து செய்து அவனுடைய நிலையெல்லாம் எனக்கு மனப்பாடம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மச்சான், அங்க பார். கொம்படியில நீ நிக்காய்."

அவன் பார்த்தான். இந்தத் தரம் கை கூப்பவில்லை. கண் இமைக்கவும் இல்லை.

இழுவை தொடங்கியது. கதிராமன் இரண்டு கையாலும் கொம்பை அணைத்துக்கொண்டு, வடத்தோடு வடமாக அசைந்தார். அடுத்து வரவேண்டியது வந்தது: லுண்ட்பி துரை, மூன்று கால் கமெராவைத் தூக்கிக்கொண்டு, யாரும் போகக் கூடாத நடு இடத்துக்குள் புகுந்தார். கமெராவை நட்டார். கண்ணை வைத்துப் பார்த்தார். கொம்பு தெரியவில்லை போலும், கதிராமனின் முதுகுதான் தெரிந்திருக்கும். தள்ளி நில் என்று கையைக் காட்டினார். கதிராமன் தலையை ஆட்டி மறுத்தார். துரை திரும்பவும் காட்டினார். கதிராமன் வாயைத் திறந்து என்னவோ சொன்னார். அந்தப் படத்துக்குச் சத்தம் இல்லாமல் போனது அம்மன் செயல். கட்டடத்தில் பொம்பிளைகளும் இருந்தார்கள்.

துரை கமெராவை விட்டு எழும்பி வந்தார். கதிராமனின் இரண்டு தோளையும் பிடித்து, கதிரையை நகர்த்துவதுபோலப் படத்துக்கு வெளியே நகர்த்தினார். கொம்பு புரண்டது. முறிந்தது.

"நிப்பாட்டு," என்றார் உதயரூபன். மர்சூக் நிப்பாட்டினான். "திரும்பக் காட்டு." மர்சூக் காட்டினான். அதிபர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, கண்ணாடி தேயும்வரை பார்த்தார்.

"அவர் விலகல்ல," என்றார். "விலக்கியிருக்கான்." வடம் இழுத்தவர்கள் எல்லாரும் பின்னுக்குச் சாய்ந்து வானத்தைப் பார்த்து இழுத்தவர்கள், நடுவில் நடந்ததை யார் கண்டார்கள்?

வடசேரிப் பக்கத்திலிருந்து, "முறிஞ்சது முறிஞ்சதுதானே," என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரல் என்னுடையது. எங்கள் சேரி நூறு வருசமாகக் கொண்டாடுகிற வெற்றி ஒரு மொட்டைத் தலையால் வந்தது என்று உடனே ஒத்துக்கொள்ள முடியுமா? சின்னத்தங்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். அன்றிரவு மீன் தலையும் கிடைக்காது என்று விளங்கியது.

"அப்ப தொப்பி?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். "விலக்கினதுக்குக் கூலியாக் குடுத்திருப்பான்."

நல்லரத்தினம் மடியிலிருந்த பெட்டியை இறுக்கிப் பிடித்தான். "மிச்சத்தயும் விடு மர்சூக்," என்றான்.

மிச்சம் ஓடியது. தென்சேரியார் தலை குனிந்து கலைகிறார்கள், வடசேரியார் துள்ளுகிறார்கள். அவர்களைவிட உயரமாகத் துள்ளுகிறார் துரை. அவருக்கு நல்ல படம் கிடைத்துவிட்டது. காண்கிறவருக்கெல்லாம் கை கொடுக்கிறார். முறிந்த கொம்பருகில் கதிராமன் குனிந்து நிற்கிறார். துண்டை எடுக்கிறார், பார்க்கிறார், கீழே வைக்கிறார். பிறகு நிமிர்ந்து, அவசரமே இல்லாமல், துரையிடம் நடந்து வருகிறார். துரை அவருக்கும் கை கொடுக்க நீட்டுகிறார். கதிராமன் அந்தக் கையைப் பார்க்கவில்லை. துரையின் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி எடுக்கிறார். புளியமரத்தில் காய் பறிக்கிற நிதானம். தன் குடுமியின் மேல் கவிழ்க்கிறார். வாவிக்கு நடக்கிறார். தோணியில் ஏறுகிறார். கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு போகிறார்.

துரை ஓடுகிறார். வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இரண்டு கையையும் ஆட்டுகிறார். மொட்டைத் தலை வெயிலில் கலங்கரை விளக்கு மாதிரி மின்னுகிறது. படமே குலுங்குகிறது, எடுத்த உதவியாள் சிரித்திருக்கவேண்டும். தோணி சிறுத்துச் சிறுத்து, தொப்பி மட்டும் வாவியின் மேல் மிதந்து போவதுபோலத் தெரிந்து, படம் முடிந்தது.

நல்லரத்தினம் சபையைப் பார்த்துத் திரும்பினான். முகம் முழுக்கக் கண்ணீர். ஆனால் வாய் காதுவரை.

"பெத்தப்பா கள்ளன்," என்றான்.

பெட்டியைக் கையால் தட்டினான்.

"கேட்டீங்களா? துரை குடுக்கல்ல. எங்கட பெத்தப்பா களவெடுத்தது. பட்டப்பகல்ல, எல்லாரும் நிக்க, தலையில இருந்து களவெடுத்தது. காட்டிக் குடுத்தவன் இல்ல. சுத்தமான கள்ளன்."

ஒரு மனிதன் தன் வம்சம் கள்ளவம்சம் என்று நிரூபணமானதற்கு இவ்வளவு பெருமைப்பட்டதை நான் உலகத்தில் வேறெங்கும் கண்டதில்லை. சின்னத்தங்கம் எழும்பிக் குரவை இட்டாள். அவளைப் பார்த்துத் தென்சேரிப் பெண்கள் எல்லாரும் இட்டார்கள். அன்று சத்தமில்லாத படத்துக்கு அவ்வளவு சத்தம் கிடைத்தது. மர்சூக்கின் ஸ்பீக்கர்கள் வெட்கப்பட்டிருக்கும்.

உதயரூபன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "காட்டிக் குடுத்த கை கொம்பு கட்டக் கூடாது எண்டுதான் நம்மட வழக்கம். களவெடுத்த கையப் பத்தி வழக்கத்தில ஒண்டும் இல்ல. நல்லரத்தினம், வைகாசிக்கு வடத்தப் பார்."

இரண்டு கிழமையில் விதுர்ஷா திரும்ப வந்தாள். தொப்பி இன்னும் இருக்கிறது என்று கேள்விப்பட்டதில் காப்பகத்துக்காரர்கள் படுக்கையிலிருந்து விழுந்துவிட்டார்களாம். பெரிய மேதையின் தொப்பி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து உலகத்துக்குக் காட்டுவோம், தருவீர்களா என்று கேட்டிருந்தார்கள்.

நல்லரத்தினம் நன்றாக யோசித்தான். "அவங்களுக்கு என்ட வணக்கத்தச் சொல்லு மனே. துரையில எனக்கு இப்ப கோவமும் இல்ல. படத்த எடுத்து வைச்சது அவரிட ஆக்கள்தானே. ஆனா தொப்பி குடுத்த தொப்பி எண்டா நான் எப்பயோ திருப்பிக் குடுத்திருப்பன். இது பெத்தப்பா கஷ்டப்பட்டுக் களவெடுத்தது. அத எப்பிடிக் குடுக்க ஏலும்?"

விதுர்ஷா அவனை அந்தத் தொப்பியோடு ஒரு படம் எடுத்து அனுப்பினாள். கொக்கு மாதிரி நின்றுதான் எடுத்தான்.

வைகாசி வந்தது. கொம்புமுறியன்று நல்லரத்தினம் தலையில் தொப்பியோடு கோயிலடிக்கு வந்தான். அம்மன் வாசலில் மட்டும் கழற்றிச் சின்னத்தங்கத்திடம் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு, திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டான். நான் வடசேரி வடத்தில் பின்வரிசையில் நின்றேன். பழக்கதோசத்தில், "என்ன மச்சான், தலைக்கு வெயில் படல்லப் போல?" என்று கேட்டேன்.

"உனக்குத்தான் படுது. வேணுமெண்டா நீயும் ஒண்டு களவெடு," என்றான்.

கொம்பைக் கொளுவி, முடிச்சை இழுத்துப் பார்த்தான். தென்சேரி இளவட்டங்கள் ஒருவன் மிச்சமில்லாமல் வடத்தைப் பிடித்தார்கள். அந்த நேரம் பார்த்து மர்சூக், போனை நீட்டிக்கொண்டு, கிட்ட நின்று எடுக்கிற ஆசையில், நடு இடத்துக்குள் மெல்ல மெல்ல வந்தான். வெயிலுக்குச் சிவப்பில் ஒரு தொப்பி போட்டிருந்தான்.

நல்லரத்தினம் ஏசவில்லை. ஒரு கை கொம்பில் இருக்க, மற்றக் கையை நீட்டி, மர்சூக்கின் தொப்பியை அளவெடுப்பதுபோல விரல்களை விரித்தான்.

மர்சூக் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, வந்த வழியே, பின்பக்கமாக நடந்தே வெளியே போனான்.

யாருடைய கொம்பு முறிந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். சின்னத்தங்கம் இப்போதும் அடுப்படியில் வசை பாடிக்கொண்டிருக்கிறாள், என் பெயரை வைத்து.